‘சும்மா ஒரு சாட்சிதானே, அண்ணே!’

வாழ்நாளில் ஒருமுறைகூடக் கோர்ட்டுப் படி ஏறாத பாட்டாளிகள் நம் தோட்டங்களில் எத்தனையோ பேர். ஆனால் சத்தியப் பிரமாணக் கடிதத்தில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பிறப்புப் பத்திரத்தில் பெயர் ஒரு மாதிரி, ஐ.சி.யில் இன்னொரு மாதிரி, ஈ.பி.எஃப். கணக்கில் மூன்றாவது மாதிரி. அந்தக் காலத்துக் கிராணிமார் காதில் விழுந்ததை மனம்போனபடி எழுதிவைத்துப் போனார்கள். அந்த எழுத்தைப் பேரப் பிள்ளைகள்வரை சுமக்கிறார்கள். ஓய்வுக்காலப் பணத்தை எடுக்கப் போனால் முகப்பில் இருப்பவர் இரண்டு பெயரையும் மாறி மாறிப் பார்ப்பார். அப்புறம் பட்டணத்துக்கு ஓடி, சத்தியப் பிரமாண ஆணையர் முன்னால் நின்று, ‘இந்த இரண்டு பெயரும் ஒரே ஆள்தான், அந்த ஆள் நான்தான்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு வருவோம்.

உண்மையைத்தான் எழுதிக் கொடுக்கிறோம். அதில் ஒரு தவறும் இல்லை. ஆனால் இதே வாசகத்தை யாரோ ஒருவர் பொய்யாக எழுதிக் கொடுத்ததால், ஒரு குடும்பம் நிலத்தை இழந்த கதை நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது. டுரியான் துங்கால் வட்டாரத்து வாசகர்கள் அதைத் தெரிந்துகொள்வது நல்லது.

இரண்டு காகிதம், இருபத்திரண்டு ஆண்டு

பினாங்கு தஞ்சோங் பூங்காவில் பூன்சோம் பூன்யானிட் என்ற தாய்லாந்து மாதுக்கு நிலம் இருந்தது. 1988ஆம் ஆண்டில், வேறு யாரோ ஒருவர் தாம்தான் பூன்சோம் என்று சொல்லிக்கொண்டு, ‘என் நிலப் பட்டா தொலைந்துவிட்டது’ என்று சத்தியப் பிரமாணம் செய்தார். 1989இல் இன்னொரு பிரமாணம்: பட்டாவில் இருக்கிற பெயரும் தம் பெயரும் ஒரே ஆளைத்தான் குறிக்கின்றன என்று. அவ்வளவுதான். பட்டாவின் புதிய பிரதி கிடைத்தது. அடோர்னா புரோப்பர்ட்டீஸ் என்ற நிறுவனம் 18 லட்சம் வெள்ளி கொடுத்து நிலத்தை வாங்கிப் பெயரையும் மாற்றிக்கொண்டது. உண்மையான சொந்தக்காரருக்கு விஷயம் தெரிய வந்தபோது நிலம் கை மாறிவிட்டது.

அந்த மாது வழக்குப் போட்டார். கொஞ்சம் எண்ணிப் பாருங்கள்: தம் நிலம் தம்முடையதுதான் என்றும், கையெழுத்துப் போட்டது தாம் அல்ல என்றும் அவரே நிரூபிக்க வேண்டிய நிலைமை! 1995இல் உயர்நீதிமன்றம் அவருடைய வழக்கைத் தள்ளியது. 1997இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. நிறுவனம் கூட்டரசு நீதிமன்றத்துக்குப் போனது. 2000ஆம் ஆண்டு டிசம்பரில் வந்த தீர்ப்பு, மோசடி தெரியாமல் விலை கொடுத்து வாங்கியவருக்கே நிலம் என்று முடிந்தது. அதைக் கேட்க அந்த மாது உயிரோடு இல்லை. அதே ஆண்டில் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். பின்னர் அவர் மகன் தீர்ப்பை மறுபரிசீலனை செய்யக் கேட்டுப் பார்த்தார். பலன் இல்லை.

கதை அதோடு நிற்கவில்லை. ‘பொய்க் கையெழுத்தில் வந்த நிலமானாலும் வாங்கியவன் தப்பித்துக்கொள்வான்’ என்ற நிலை நாட்டில் நிலைத்துவிட்டது. நிலம் வைத்திருந்தவர்களுக்கெல்லாம் வயிற்றில் புளி கரைத்த காலம் அது. 2010ஆம் ஆண்டு ஜனவரி 21ஆம் நாள், குவாந்தான் பக்கத்து நிலம் ஒன்றைப் பற்றிய தான் யிங் ஹோங் வழக்கில்தான், கூட்டரசு நீதிமன்றம் தன் பழைய தீர்ப்பு தவறு என்று சொல்லித் திருத்தியது. நாணயமில்லாத சிலர் அந்தத் தவற்றைப் பயன்படுத்தி நிலங்களைத் தங்கள் பெயருக்கு மாற்றிக்கொண்டு வந்தது ஊரறிந்த விஷயம் என்று அன்றைய தலைமை நீதிபதி ஜாக்கி அஸ்மியே எழுதினார். 1988இல் போட்ட முதல் பொய்க்கும் 2010இல் வந்த திருத்தத்துக்கும் இடையே 22 ஆண்டு. சட்டம் திருந்தியது; பூன்சோம் குடும்பத்தின் நிலம் திரும்பவில்லை.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறோம் என்றால், பொய்ச் சாட்சி என்றதும் நம்மவர்களுக்குக் கொலைக் கேஸும் திருட்டுக் கேஸும்தான் நினைவுக்கு வருகின்றன. ‘சிவில் கேஸுதானே, பணத் தகராறுதானே, இதுல யாரு ஜெயிலுக்குப் போகப் போறா’ என்கிற அலட்சியம் நம்மிடம் நிறைய உண்டு. இந்த அலட்சியத்துக்குத் தோட்டப்புறத்தில் ஒரு வாசலும் இருக்கிறது. அதுதான் விபத்துக் கேஸ்.

பார்க்காத ‘பார்த்த சாட்சி’

ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். டுரியான் துங்காலிலிருந்து மாச்சாப் பக்கம் போகும் சாலையில், வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வந்த நம்மாள் ஒருவரை லோரி இடித்துவிட்டது. கால் முறிந்தது உண்மை. லோரிக்காரன் மேல் தவறு என்பதும் உண்மை. இடித்த நேரத்தில் சாலையில் வேறு யாரும் இல்லை என்பதும் உண்மை.

பெரிய ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே வந்து உட்கார்ந்துகொள்வார் ஒரு கேஸ் புரோக்கர். “சாட்சி இல்லாம கேஸ் நிக்காதுங்க. யாராவது பாத்தாங்கன்னு சொல்லணும்.” உடனே அடுத்த வீட்டுத் தம்பி முன்னால் வருகிறான். “நான் சொல்றேன் அண்ணே. சும்மா ஒரு சாட்சிதானே, அண்ணே!” தம்பிக்கு ஒரு காசு ஆதாயம் இல்லை. அண்ணன் கால் போய்க் கிடக்கிறாரே என்ற பாசம்தான். இந்தப் பாசத்தை நாம் குறை சொல்லவில்லை. தோட்டத்தில் நம்மவர்கள் இத்தனை காலம் ஒருவரை ஒருவர் தாங்கி வாழ்ந்ததே இந்தப் பாசத்தால்தான்.

கேஸ் ஆயர் குரோ நீதிமன்றத்தில் விசாரணைக்கு வருகிறது. இன்ஷூரன்ஸ் கம்பெனி வைத்த வழக்கறிஞர் மரியாதையாகத்தான் கேட்பார். அவர் கையில் போலீசார் வரைந்த விபத்து இடத்துப் படம் இருக்கும்.

“நீங்கள் எங்கே நின்றீர்கள்?”

“ரோட்டு ஓரத்துல, கடைப் பக்கம்.”

“படத்தில் அந்த இடத்தில் கடை இல்லையே? சரி, அன்றைக்கு உங்களுக்கு வேலை உண்டா?”

“லீவு.”

“இது உங்கள் தோட்டத்துச் செக்ரோல். அன்றைக்கு உங்கள் பெயருக்கு நேரே முழு நாள் போட்டிருக்கிறதே? பெயர் உங்களுடையதுதானே?”

தம்பி மேலே கூரையைப் பார்க்கிறான். மொழிபெயர்ப்பாளர் கேள்வியைத் திரும்பவும் தமிழில் சொல்கிறார். பதில் இல்லை.

இந்த இடத்தில் தம்பிக்கு என்ன ஆகும் என்பதைவிட, கால் ஒடிந்த அண்ணனுக்கு என்ன ஆகும் என்பதுதான் நம் கவலை. லோரி இடித்தது உண்மை என்றோமே, அந்த உண்மையைச் சொல்ல அண்ணன் ஒருவர் போதும். சிவில் வழக்கில் இத்தனை சாட்சி வேண்டும் என்று சட்டத்தில் எண்ணிக்கை கிடையாது. போலீஸ் ரிப்போர்ட்டு, விபத்து இடத்துப் படம், லோரியின் அடிபட்ட பக்கம், டாக்டர் அறிக்கை, இவை பேசும். இத்தனையும் இருந்த கேஸில் ஒரு பொய்யைக் கொண்டுவந்து செருகியதும், நீதிபதிக்கு முதலில் தோன்றுவது இதுதான்: ‘தன் பக்கம் நியாயம் இருந்தால் பொய்ச் சாட்சியை ஏன் கூட்டிவந்தார்?’ அதற்குப் பிறகு அண்ணன் சொல்லும் மெய்யையும் பூதக்கண்ணாடி வைத்துத்தான் பார்ப்பார்கள்.

சாட்சி ஒரு விஷயத்தில் பொய் சொன்னால் அவன் சொன்ன எல்லாமே பொய் என்று ஒதுக்கிவிட வேண்டும் என்று நம் நாட்டுச் சட்டம் சொல்லவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1961இல் வெளிவந்த கூன் சை ஹின் வழக்குத் தீர்ப்பில் தலைமை நீதிபதி தாம்சன் இதைத் தெளிவாக்கினார். ஆனால் அதே தீர்ப்பில், பொய் சொன்னதாகத் தெரிந்த சாட்சியின் பேச்சைச் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார். நம் கேஸில் சந்தேகம் எதிராளி மேல் விழ வேண்டுமா, நம் மேல் விழ வேண்டுமா?

சம்பளக் கடிதத்திலும் இதே கூத்துத்தான் நடக்கிறது. மாதம் 1,700 வெள்ளி எடுத்தவருக்கு 3,000 வெள்ளி என்று யாராவது ஒரு குத்தகைக்காரரிடம் கடிதம் வாங்கிவந்து கொடுப்பார்கள். வருமான இழப்புக்கு நஷ்டஈடு கேட்பவர் தம் சொந்த உழைப்பில் என்ன சம்பாதித்தார் என்பதைக் காட்டியாக வேண்டும் என்கிறது 1956ஆம் ஆண்டு சிவில் சட்டம். எதிர்த் தரப்பு ஈ.பி.எஃப். கணக்கைக் கேட்டு வாங்கிப் பார்க்கும். மூவாயிரத்துக்கு ஆசைப்பட்டு ஆயிரத்து எழுநூறுக்கும் உலை வைத்த கதையாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்துக்குப் போய் விழுந்ததை ‘வேலைக்குப் போகும் வழியில் விழுந்தேன்’ என்று சொக்சோவுக்கு எழுதுவதும் இந்த வகைதான். 1969ஆம் ஆண்டு சொக்சோ சட்டத்திலேயே பொய் விவரத்துக்குச் சிறைத் தண்டனை உண்டு.

வாயா, ஓலையா?

எழுதிய காகிதத்தைப் பெரிதாக மதிப்பதைச் சிலர் வெள்ளைக்காரன் கொண்டுவந்த பழக்கம் என்கிறார்கள். இல்லை. கோயிலில் பெரியபுராணம் கேட்டவர்களுக்குத் தெரியும். சுந்தரமூர்த்தி நாயனாரின் கல்யாணப் பந்தலுக்கு ஒரு கிழவர் வந்து, ‘நீ எனக்கு அடிமை’ என்று வழக்காடினார். அதுவும் ஒரு சிவில் கேஸ்தான்! சுந்தரர் படியோலையைப் பிடுங்கிக் கிழித்தும் விட்டார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போனது. சபையார் வழக்கத்தைக் கேட்டார்கள், ஓலையைக் கேட்டார்கள், அயலார் சாட்சியைக் கேட்டார்கள். கடைசியில் வழக்கைத் தீர்த்தது எது? மூல ஓலையில் இருந்த எழுத்தைப் பாட்டனாரின் வேறு எழுத்தோடு ஒத்துப் பார்த்ததுதான். வந்த கிழவர் சாட்சாத் சிவபெருமான். அவரே ஆனாலும் ஓலையைக் காட்டச் சொன்னது நம் ஊர்ச் சபை.

மந்திரியும் மகளும்

பணமும் படிப்பும் உள்ளவர்கள் பொய்யைச் சாமர்த்தியமாகச் சொல்லித் தப்பித்துக்கொள்வார்கள், ஏழைதான் மாட்டுவான் என்று ஓர் எண்ணம் உண்டு. முழுதும் தவறு என்று நாம் சொல்ல மாட்டோம். ஆனாலும் இங்கிலாந்தில் நடந்த இந்தக் கேஸைக் கேளுங்கள்.

ஜோனாதன் ஐட்கன் அந்த நாட்டில் அமைச்சராக இருந்தவர். பாரிஸ் நகரத்து ஹோட்டலில் அவர் தங்கிய செலவை யார் கட்டினார்கள் என்று ‘கார்டியன்’ பத்திரிகை கேள்வி எழுப்பியது. தம் மானம் போய்விட்டதென்று அவர் வழக்குப் போட்டார். பில்லைக் கட்டியது தம் மனைவிதான் என்பது அவர் வாதம். அதற்குத் துணையாக, பதினேழு வயது மகளையும் ஒரு வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட வைத்தார். 1997இல் விசாரணை நடந்துகொண்டிருந்தபோதே விமான டிக்கெட்டு விவரமும் வாடகைக் கார் காகிதமும் எதிர்த் தரப்புக்குக் கிடைத்தன. அந்த நாளில் மனைவி பாரிஸ் பக்கமே போகவில்லை என்று அவை காட்டின. வழக்கு கவிழ்ந்தது. 1999இல் பொய்ச் சாட்சிக்காக அவருக்கு 18 மாதச் சிறை. சொத்தெல்லாம் போய்த் திவாலானார்.

போட்டது அவரே போட்ட மான நஷ்ட வழக்கு. யாரும் அவரைக் கோர்ட்டுக்கு இழுக்கவில்லை. அவர் சிறைக்குப் போனதைவிட, பெற்ற மகளைக்கொண்டு பொய்யில் கையெழுத்து வாங்கினாரே, அதுதான் நமக்கு மனசு ஆறாத சங்கதி. நம் பக்கத்திலும் வீட்டுப் பிள்ளைகளை, மருமகளை, ‘நீ இப்படிச் சொல்லிடும்மா’ என்று பழக்கிவிடும் மாமன்மார் உண்டு. மறுக்க முடியாமல் அந்தப் பிள்ளை படும் பாட்டை யார் நினைக்கிறார்கள்?

அதே நாட்டில் பெயர்பெற்ற நாவலாசிரியர் ஜெஃப்ரி ஆர்ச்சரின் கதை இன்னும் நீளம். 1987இல் மான நஷ்ட வழக்கில் ஜெயித்து 5 லட்சம் பவுன் வாங்கினார். பொய்ச் சாட்சி சொல்ல ஒத்துக்கொண்டிருந்த நண்பர் ஒருவர் 1999இல் வாயைத் திறந்தார். 2001இல் ஆர்ச்சருக்கு நான்காண்டுச் சிறை. வாங்கிய பணத்தையும் திருப்பிக் கட்ட வேண்டியதாயிற்று. பன்னிரண்டு ஆண்டு கழித்து எந்த நண்பன் எந்தப் பக்கம் நிற்பான் என்று யாரால் சொல்ல முடியும்!

ஜெயித்துவிட்டால் கேஸ் முடிந்தது என்பதும் சரியல்ல. ஏமாற்றி வாங்கிய தீர்ப்பை ரத்துச் செய்யத் தனி வழக்குப் போட நம் நாட்டிலும் வழி இருக்கிறது. வழக்குப் போடக் காலக்கெடு உண்டு என்றாலும், மோசடி என்றால் அது தெரிய வந்த பிறகுதான், அல்லது முயன்றால் தெரிந்திருக்கக்கூடிய நாளிலிருந்துதான், கெடு ஓடத் தொடங்கும் என்கிறது 1953ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டம்.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் குற்றவியல் சட்டத்தின் 193ஆம் பிரிவில், நீதிமன்ற விசாரணையில் வேண்டுமென்றே பொய்ச் சாட்சி சொல்பவருக்கு ஏழாண்டுவரை சிறையும் அதோடு அபராதமும் உண்டு. சிவில் கேஸா, கிரிமினல் கேஸா என்ற பேதம் அந்த வரியில் இல்லை. நீதிமன்றத்துக்கு வெளியே, சத்தியப் பிரமாணக் கடிதத்தில் பொய் எழுதினால் மூன்றாண்டுவரை. பொய் என்று தெரிந்தே கோர்ட்டில் கோரிக்கை வைப்பது தனிக் குற்றம். 209ஆம் பிரிவில் அதற்கு இரண்டாண்டுவரை. கடிதத்தைத் தயாரித்துக் கொடுத்த புரோக்கரின் பெயர் அதில் எங்கும் இருக்காது. கையெழுத்து யாருடையதோ அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

பொய் சொன்ன ஒவ்வொருவரையும் பிடித்து உள்ளே போடுகிறார்களா என்றால், இல்லைதான். ‘யாரைப் புடிச்சாங்க, காட்டுங்க பாப்போம்’ என்று வாதாடுபவர்களுக்கு இதுவே பலம். ஆனால் ஜெயிலுக்குப் போகாமலே தோற்றுப்போன கேஸின் செலவுத்தொகையைக் கட்டியவர்கள் எத்தனை பேர்! அது எதிர்த் தரப்பின் வழக்கறிஞருக்கும் சேர்த்துக் கட்டுவது. கால் ஒடிந்தவருக்கு நஷ்டஈடும் இல்லை, கடனும் சேர்ந்தது என்றால் அதைவிட வேறு தண்டனை வேண்டுமா?

நம்மவர்களில் பலருக்குத் தெரியாத ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். உண்மையைச் சொன்னால் தனக்கே ஆபத்து என்று பயந்துதான் சிலர் பொய் சொல்கிறார்கள். ‘லைசென்ஸ் இல்லாம ஓட்டினத ஒத்துக்கிட்டா போலீஸ் புடிச்சிடுமே’ என்ற பயம் அது. 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 132ஆம் பிரிவைப் பாருங்கள். அப்படிப்பட்ட கேள்விக்கும் சாட்சி பதில் சொல்லத்தான் வேண்டும். ஆனால் நீதிமன்றம் கட்டாயப்படுத்திச் சொல்லவைத்த பதிலை அவர் மேல் கிரிமினல் வழக்கில் திருப்பிவிட முடியாது. ஒரே ஒரு விலக்கு: அந்தப் பதில் பொய்யாக இருந்தால், பொய்ச் சாட்சிக் குற்றத்துக்கு அதையே பயன்படுத்தலாம். ஆகையால், பதில் சொல்லப் பயமாக இருந்தால் அதை நீதிபதியிடமே சொல்லிவிடலாம்.

நிர்வாகத்துக்காகச் சாட்சி சொல்ல அழைக்கப்படும் தொழிலாளி நிலைமை இன்னும் தர்மசங்கடம். கூட வேலை செய்தவரை நீக்கிவிட்டார்கள். கேஸ் தொழில் நீதிமன்றத்துக்குப் போகிறது. ‘மண்டோரை அடிக்கக் கை ஓங்கினான்னு சொல்லிடு’ என்று ஒரு பக்கம். ‘கூட இருந்துகிட்டே காட்டிக் கொடுக்கிறியா’ என்று லயத்திலிருந்து மறு பக்கம். அவர் பார்த்தது என்னவோ, தூரத்தில் இரண்டு பேர் சத்தம் போட்டதை மட்டும்தான். அதை அப்படியே சொல்ல வேண்டும். ‘கை ஓங்கியதை நான் பார்க்கவில்லை; சத்தம் கேட்டது’ என்பது முழுச் சாட்சியம். ‘தெரியாது’ என்பதும் ‘நினைவில்லை’ என்பதும், அவை உண்மையாக இருந்தால், அவமானமான பதில்கள் அல்ல. இட்டுக்கட்டிச் சொன்ன நேரமும் கிழமையும்தான் குறுக்கு விசாரணையில் மாட்டும்.

இன்று டுரியான் துங்கால் பக்கம் பால்மரம் குறைந்துவிட்டது, பல்கலைக்கழகம் வந்துவிட்டது, நம் பிள்ளைகள் தொழிற்சாலைக்கும் கடைக்கும் போகிறார்கள். ஆனாலும் விபத்துக் கேஸும் வீட்டுக் கேஸும் சொத்துத் தகராறும் குறைந்ததாகத் தெரியவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் கைநாட்டு வாங்கும் வாக்குமூலத்தை அவர்கள் முன்னிலையில் வாசித்துக் காட்டி, அவர்களுக்குப் புரிந்தது என்று ஆணையர் சான்று எழுத வேண்டும் என்பது நீதிமன்ற விதி. “பெருவிரல வைங்கம்மா, மத்தத நாங்க பாத்துக்கறோம்” என்று யாராவது சொன்னால், அந்த அம்மாளின் மகனோ மகளோ அங்கேயே காகிதத்தைக் கையில் வாங்கி, வரி வரியாகத் தமிழில் சொல்லச் சொல்ல வேண்டும்.

தெரியாமல் கையெழுத்துப் போட்டுவிட்டவர்களுக்கும் வழி அடைந்துவிடவில்லை. விசாரணைக்கு முன்பே வழக்கறிஞரிடம் நேரில் போய், இந்த இந்த வரி சரியில்லை என்று சொல்லிவிட்டால், திருத்திய வாக்குமூலத்தைத் தாக்கல் செய்ய முடியும். புரோக்கரிடம் சொல்லிப் பயனில்லை. வழக்கறிஞர் கேட்க மறுத்தால், மலாக்காவில் உள்ள சட்ட உதவித் துறைக் கிளையில் போய் ஆலோசனை கேட்கலாம். 1970இலிருந்து ஏழைகளுக்காக இயங்கிவரும் அரசாங்கத் துறை அது. போகும்போது ஐ.சி., கோர்ட்டுக் கடிதம், கையெழுத்துப் போட்ட காகிதத்தின் நகல், கடைசி ஆறு மாதச் சம்பளச் சீட்டு ஆகியவற்றைக் கையோடு கொண்டு போங்கள். கோர்ட்டில் தமிழில்தான் பேச வரும் என்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அரைகுறை மலாயில் பதில் சொல்லி, சொன்னது ஒன்று எழுதியது ஒன்று என்று ஆக வேண்டாம்.